கழுத்து வலியா? முதல்ல உங்க வேலை என்னன்னு சொல்லுங்க... 300 வருஷத்துக்கு முன்னாடியே கேட்ட இத்தாலி டாக்டர்!

என் சித்தி பொண்ணு பி.டி.எஸ் மூணாவது வருஷம் படிக்கிறா. போன தடவை அவளைப் பார்க்கப் போனப்போ, கழுத்துக்குப் பின்னாடி சுடுதண்ணிப் பையை வெச்சுக்கிட்டு சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா. வயசு 21. என்னாச்சுன்னு கேட்டா, எங்க பேட்ச்ல பாதிப்பேருக்கு இப்படித்தான்னு சர்வசாதாரணமா சொல்றா. சீனியர்ஸ்கிட்ட கேட்டதுக்கு, போகப் போகப் பழகிடும்னு பதில் வந்திருக்கு. ஒரு டாக்டர்கிட்டயும் போயிருக்கா. வலி மாத்திரை, தடவுறதுக்கு ஒரு ஜெல். ரெண்டே நிமிஷத்துல வெளியே வந்துட்டாளாம். என்ன படிக்கிற, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எப்படி உட்கார்ந்து வேலை பார்க்குறன்னு ஒரு கேள்விகூட இல்லை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இவ தினமும் தன்கிட்ட வர்ற ஒவ்வொரு நோயாளிக்கும் கேஸ் ஷீட் எழுதுறா. பெயர், வயது, பாலினம், அப்புறம் தொழில். அந்தத் தொழில்ங்கிற கட்டத்தை ஒருநாள்கூட காலியா விட முடியாது. விட்டா புரொஃபசர் கையெழுத்துப் போட மாட்டார். அந்தக் கட்டம் எங்க இருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டே போனா, ஓர் இத்தாலிக்காரர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகிட்ட போய் நிக்க வேண்டியிருக்கு. அவர் பேர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி.

மருத்துவம் படிக்கிறவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். தொழில்சார் மருத்துவத்தின் தந்தைன்னு ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்திருப்பாங்க. நமக்கு அவர் கதை முழுசா வேணும். ஏன்னா இந்தக் கட்டுரையை நீங்க இப்போ தலையைக் குனிஞ்சு, கட்டைவிரலால தள்ளித் தள்ளிதான் படிச்சுக்கிட்டு இருக்கீங்க!

காய்ச்சலோடு திரும்பி வந்த பையன்

1633-ல் வட இத்தாலியில் கார்ப்பி என்ற சின்ன ஊரில் பிறந்தார் ராமஸ்ஸினி. பக்கத்திலேயே மோதெனா. அப்போ இத்தாலின்னு ஒரே நாடு கிடையாது. ஆளுக்கொரு பிரபு, ஊருக்கொரு அரசு. ஊரில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, பார்மா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் மருத்துவமும் படித்து 1659-ல் பட்டம் வாங்கினார். பிறகு ரோமில் பயிற்சி, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் வேலை. நல்லா போய்க்கிட்டு இருந்த நேரத்தில் மலேரியா பிடித்துக்கொண்டது. உடம்பு தேறவே இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்.

1671-ல் மோதெனாவுக்குக் குடிபோனார். வெளியூர்க்காரர்னு அங்கிருந்த டாக்டர்கள் அவரை லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு நோயாளியின் மரணத்தை வைத்து வேறொரு டாக்டரோடு வருஷக்கணக்கில் அச்சடித்துச் சண்டை போட்டிருக்கிறார். இப்போ இருந்திருந்தா கமென்ட்ல வெச்சு செஞ்சிருப்பார். மோதெனா பிரபு 1682-ல் பல்கலைக்கழகத்தைப் புதுசா நடத்த ஆரம்பித்தபோது, ராமஸ்ஸினிதான் மருத்துவப் பேராசிரியர்களில் ஒருவர். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் வாத்தியார்தான்.

ஆர்வம் ஒரு பக்கம் நிற்காது. மோதெனாவில் கிணறு தோண்டினால் தண்ணீர் தானாகப் பீறிக்கொண்டு வரும். அது ஏன்னு ஆராய்ந்து 1691-ல் ஒரு புத்தகமே போட்டார். கிராமங்களில் கொள்ளைக்காய்ச்சல் வந்தால், அந்த வருஷம் மழை எப்படி, வயல் எப்படின்னு எல்லாவற்றையும் குறித்துவைத்தார். நோயை நோயாளியின் உடம்புக்குள்ளே மட்டும் தேடாமல், அவர் நிற்கிற இடத்தில் தேடுகிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

தொட்டிக்குள்ள ஒருத்தர்

மோதெனாவில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். வீட்டுக்கு வீடு கழிவுத்தொட்டி. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆள் இறங்கி வாருவார்கள். அப்படி ராமஸ்ஸினி வீட்டுத் தொட்டியில் இறங்கிய ஒருவர், மூச்சு முட்ட, பேய் வேகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரம், கொஞ்சம் நிதானமாகச் செய்யலாமேன்னு இவர் கேட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, 4 மணி நேரத்துக்கு மேல் இந்த இடத்தில் இருந்தால் என்ன ஆகும்னு இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், கண் போய்விடும்னு சொன்னார்.

மேலே ஏறி வந்ததும் ராமஸ்ஸினி அவருடைய கண்களைச் சோதித்தார். சிவந்து, கலங்கிப்போய் இருந்தன. ஏதாவது மருந்து போடுவீர்களான்னு கேட்டார். நேராக வீட்டுக்குப் போய், ஜன்னல் கதவைச் சாத்தி, இருட்டறையில் ஒரு நாள் அடைந்துகிடப்போம், வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணைக் கழுவுவோம், அவ்வளவுதான்னு பதில் வந்தது. அதற்குப் பிறகு தெருவில் போகும்போது கவனித்தால், பார்வை போய் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த சிலர் முன்பு இதே வேலையைச் செய்தவர்கள்.

நம்ம ஊர்ச் செய்திகளைப் படிக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழைய காலத்துக் கதையா தோணாது. அதை இங்கே விரிக்கல. ராமஸ்ஸினிக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் பாருங்க. பட்டம் வாங்கி, பேராசிரியராகி, நோய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த ஒருவருக்கு, தன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஒரு தொழிலாளியின் உடம்பில் இருக்கிற நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லைன்னு புரிந்தது. அன்றிலிருந்து பட்டறை பட்டறையாக ஏறி இறங்க ஆரம்பித்தார்.

குயவர், கண்ணாடி செய்கிறவர், ரொட்டி சுடுகிறவர், சலவை செய்கிற பெண்கள், தையற்காரர், செருப்பு தைப்பவர், அச்சுக் கோப்பவர், பால் கொடுக்கும் தாதி, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி... அழுக்காகும்னோ, கௌரவக் குறைச்சல்னோ நினைக்கவில்லை. 1700-ல் இதெல்லாம் சேர்ந்து லத்தீனில் ஒரு புத்தகமாக மோதெனாவில் அச்சானது. 40 தொழில்களுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம்.

அந்தப் புத்தகத்தில்தான் அந்தக் கேள்வி வருகிறது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும்னு டாக்டர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் ராமஸ்ஸினி: நீங்க என்ன வேலை செய்கிறீர்கள்? அதோடு விடவில்லை. ஏழை வீட்டுக்குப் போகிற டாக்டர், வாசலில் நின்றபடி நாடி பிடித்துவிட்டு ஓடக்கூடாது. தங்க முலாம் பூசின நாற்காலி இல்லாவிட்டால் முக்காலியாவது இருக்கும், அதில் உட்கார்ந்து முகம் கொடுத்துப் பேச வேண்டும்னு சொன்னார். என் சித்தி பொண்ணுக்குக் கிடைச்ச 2 நிமிஷத்தை இப்போ நினைச்சுப் பாருங்க.

நிற்கிறதுதான் கஷ்டம், நடக்கிறது இல்லை

தொழிலால் வரும் நோய்க்கு ரெண்டு காரணம்னு அவர் பிரித்தார். ஒன்று, கையாளும் பொருள். பாதரசம், ஈயம், தூசு, நாற்றம். இது எல்லோருக்கும் சட்டென்று புரியும். ரெண்டாவதுதான் நமக்கு முக்கியம். முரட்டுத்தனமான, தாறுமாறான அசைவுகளும், உடம்பின் இயல்புக்கு ஒத்துவராத நிலையும். அதாவது விஷமே வேண்டாம். நீங்க உட்கார்ந்திருக்கிற விதமே போதும்!

எர்கோனாமிக்ஸ்னு இன்னிக்கு ஆபீஸ் நாற்காலி விளம்பரத்தில் வருகிற சொல் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் விஷயம் அப்படியே இருக்கிறது. நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு கேள்வி எழுப்புகிறார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பது, நடப்பதைவிட ஏன் அதிகமாகக் களைப்பாக இருக்கிறது? நடக்கும்போது தசைகள் மாறி மாறி வேலை செய்யும், ஓய்வெடுக்கும். நிற்கும்போது அதே தசைகள் விடாமல் இறுகியே இருக்கின்றன. அதனால்தான்னு விளக்கினார். பிசியோதெரபிஸ்ட் யாரிடமாவது கேளுங்க, இதைத்தான் சொல்வார். தசை இறுகியே இருந்தா அதுக்குள்ள ரத்த ஓட்டம் குறையும், கழிவு தேங்கும், வலிக்கும். அசையாமல் இருப்பதும் ஒரு வேலை.

நுணுக்கமான வேலை செய்பவர்களைப் பற்றியும் எழுதினார். நகை செய்கிறவர்கள், சின்ன எழுத்தைக் கோப்பவர்கள். ஒரே தூரத்தில் ஒரே பொருளை உற்றுப்பார்த்துக்கொண்டே இருந்தால் பார்வை அந்தத் தூரத்துக்கே பழகிக் கெட்டுப்போகிறது. அவ்வப்போது தலையைத் தூக்கி வேறெங்காவது பாருங்கள்னு அறிவுரை. இன்னிக்கு உங்க கண் டாக்டர் சொல்றதும் அதேதான்.

எல்லாவற்றிலும் அவர் பெரிய மனுஷர்னு சொல்லிட முடியாது. ஊர்வலங்களில் தையற்காரர்களும் செருப்பு தைப்பவர்களும் கூன் விழுந்து, ஆடி ஆடி வரிசையாகப் போவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும்னு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான். அதே பக்கத்தில் விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். வாரம் முழுக்க வளைந்த முதுகை ஒரே நாளில் நிமிர்த்தினால் எப்படி? நாமும்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் யோகா மேட்டை விரிக்கிறோம்.

ஆனால், மருத்துவச்சிகள் பற்றிய அத்தியாயத்தில் அசத்துகிறார். அப்போது இத்தாலியில் நடுவில் துளையிட்ட நாற்காலியில் உட்கார வைத்துப் பிரசவம் பார்ப்பார்கள். மருத்துவச்சி கீழே குனிந்து, கையை நீட்டியபடி, குழந்தை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது உடம்பு முறிந்துபோகும். படுக்கையில் படுக்க வைத்துப் பிரசவம் பார்க்கும் நாடுகளில் மருத்துவச்சிக்கு இவ்வளவு சிரமம் இல்லைன்னு குறிப்பிடுகிறார். இதை இன்னொரு தடவை படிங்க. நோயாளி இருக்கும் நிலையை மாற்றினால், சிகிச்சை செய்பவரின் முதுகு பிழைக்கும்! பல் டாக்டர்கள் இதைப் புரிந்துகொள்ள 20-ம் நூற்றாண்டின் பாதி ஆகிவிட்டது.

எழுத்தரின் இடது கை

புத்தகம் வந்த அதே 1700-ல் பதுவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. கலிலியோ பாடம் நடத்திய இடம், ஐரோப்பாவின் முதல்தர மருத்துவக் கல்விக்கூடம். போகும்போது அவருக்கு வயது 67. நம்ம கணக்கில் ரிட்டயர்மென்ட் தாண்டிய வயது. அங்கேதான் கண் மங்க ஆரம்பித்தது. ஒற்றைத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கடைசியில் பார்வையே போய்விட்டது. கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்னு ஊருக்கெல்லாம் சொன்னவர்! ஓய்வு கேட்டுப் பார்த்தார். பதுவாவை ஆண்ட வெனிஸ் அரசு விடவில்லை. வேலையைக் குறைத்துக்கொடுத்து, பதவியை உயர்த்தி, இருங்கன்னுடுச்சு. படிக்கவும் எழுதவும் குடும்பத்துப் பிள்ளைகள் கூட இருந்து உதவினார்கள்.

அந்த நிலையிலும் 1713-ல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார், விட்டுப்போன தொழில்களையும் சேர்த்து. புதிதாகச் சேர்ந்தவர்களில் எழுத்தர்களும் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்து பத்திரம், கணக்கு, கடிதம்னு நகல் எடுப்பவர்கள். தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியாக வேண்டிய நிலைமை வந்த பிறகுதான் எழுதுகிற கை அவர் கண்ணில் பட்டதோ என்னவோ, இது என் யூகம்தான்.

எழுத்தர்களின் துன்பத்துக்கு 3 காரணம் சொன்னார். ஓயாத உட்காரல். ஒரே திசையில், ஒரே மாதிரி, நிற்காமல் அசையும் கை. தப்பு வந்துவிடக் கூடாதேன்னு இறுகிக்கிடக்கும் மனசு. மூணாவதை அந்தக் காலத்தில் ஒருவர் கவனித்தது பெரிய விஷயம். வேலையில் வரும் டென்ஷனும் உடம்பு வலியோடு சேர்ந்ததுன்னு இன்னிக்கும் பல மேனேஜர்களுக்குப் புரியல.

பிறகு தனக்குத் தெரிந்த ஓர் எழுத்தரின் கதையைச் சொல்கிறார். வாழ்நாள் முழுக்க எழுதி நல்லா சம்பாதித்தவர். முதலில் வலது கை முழுக்க ஒரு சோர்வு. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை செயலிழந்தது. மனிதர் மனம் தளரவில்லை; இடது கையால் எழுதப் பழகினார். சீக்கிரமே அந்தக் கைக்கும் அதே கதி.

இந்தக் கதையைத்தான் நான் என் சித்தி பொண்ணுகிட்ட சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசல.

ஏன்னா பல் மருத்துவத்தோட கதையும் கிட்டத்தட்ட இதேதான். ராமஸ்ஸினியின் புத்தகத்தில் பல் டாக்டருக்குன்னு அத்தியாயம் இல்லை. அப்போது பல் பிடுங்குவது நாவிதர்கள், சந்தையில் மேடை போட்டவர்களின் வேலை. பல் மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்ட பியர் ஃபோஷாரின் புத்தகம், ராமஸ்ஸினி இறந்து 14 வருஷம் கழித்து 1728-ல்தான் வருகிறது. அதற்குப் பிறகும் 200 வருஷத்துக்கு மேல் பல் டாக்டர் நின்றபடி, நோயாளி உட்கார்ந்தபடி. டாக்டர் ஒரு பக்கமாக வளைந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு வேலை பார்த்தார். கால், இடுப்பு எல்லாம் போனது. 1950-கள், 60-களில் நோயாளி படுக்கிற நாற்காலி வந்தது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார், பக்கத்தில் ஓர் உதவியாளரும் உட்கார்ந்தார். மருத்துவச்சி அத்தியாயத்தில் இருந்த யோசனை ஒருவழியா நடந்தேவிட்டது. பிரச்னை தீர்ந்ததா?

பாரம் காலை விட்டுக் கழுத்துக்கும் முதுகுக்கும் ஏறினது. எழுத்தரின் வலது கையிலிருந்து இடது கைக்குப் போன மாதிரி. 2009-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பல் மருத்துவத் துறையினரில் தசை, எலும்பு, மூட்டு வலி இருப்பவர்கள் 64 முதல் 93 சதவிகிதம். ஸ்டூல் மாறியது. குனிகிற பழக்கம் மாறவில்லை.

பொம்மைத் தலை முன்னாடி ஆரம்பிக்கிற வலி

அந்தப் பழக்கம் எங்கே வருது தெரியுமா? நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடியே. பி.டி.எஸ் மாணவர்கள் முதலில் ஃபேன்டம் ஹெட்ன்னு ஒரு பொம்மைத் தலையில்தான் பழகுவாங்க. அதில் செயற்கைப் பற்கள். அந்தப் பல்லில் துளையிட்டு, அடைத்து, வாத்தியாரிடம் காட்டி மார்க் வாங்க வேண்டும். அவர் பார்ப்பது பல்லை. துளை ஆழமா, ஓரம் சரியா, அவ்வளவுதான். அந்தத் துளையைப் போடும்போது மாணவியோட கழுத்து எங்கே இருந்தது? அதுக்கு மார்க் கிடையாது.

மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வேலை செய்யணும். கண்ணாடியில் எல்லாம் திருப்பித் தெரியும். கை வேறு பக்கம் போகும். ஆரம்பத்தில் எரிச்சலா வரும். அதனால என்ன பண்ணுவாங்க? தலையைக் கவிழ்த்து, கழுத்தைத் திருகி நேரடியாக எட்டிப் பார்த்துவிடுவாங்க. வேலை சீக்கிரம் முடியும். மனிதத் தலை சுமார் 5 கிலோ. நேராக நிமிர்ந்திருந்தால் அந்த எடையை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். குனியக் குனிய அதைத் தொங்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது கழுத்துத் தசைதான். அசையாமல், மணிக்கணக்காக. ராமஸ்ஸினி சொன்ன அதே நிற்கிற வேலை.

மூணாவது வருஷம் கிளினிக்குக்குப் போனதும் கோட்டா வரும். இத்தனை பல் எடுக்கணும், இத்தனை அடைக்கணும்னு கணக்கு. நோயாளி நாற்காலியில் காத்திருக்கார், மேடம் கையெழுத்துக்குக் காத்திருக்காங்க. அந்த நேரத்தில் ஸ்டூல் உயரத்தைச் சரிபண்ணத் தோணுமா? எழுத்தரின் மூணாவது காரணமும் இங்கே வந்து உட்கார்ந்துடும்.

கற்றுக்கொடுத்தால் வராத வித்தை இல்லை இது. கால் பாதம் முழுசா தரையில். தொடை இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து. முழங்கை விலாவை ஒட்டி. அந்த முழங்கை உயரத்துக்கு நோயாளியின் வாய் வரணும். நம்ம முதுகு வாயைத் தேடிப் போகக் கூடாது. மேல் பல்லுக்குப் பின்னந்தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்கச் சொல்லணும், பக்கத்துப் பல்லுக்குத் தலையைத் திருப்பச் சொல்லணும். நோயாளிகள் கேட்டா திருப்புவாங்க. நாமதான் கேட்கிறதில்லை. நோயாளியின் தலையைக் கடிகாரமா நினைச்சுக்கிட்டா, வலது கைக்காரங்க 9 மணியிலிருந்து 12 மணி வரைக்கும் ஸ்டூலை நகர்த்திக்கிட்டே இருக்கணும். ஸ்டூலுக்குச் சக்கரம் வெச்சிருக்கிறது அதுக்குத்தான்! இடது கைக்காரங்களுக்கு இது தலைகீழ். ஆனா பெரும்பாலான நாற்காலியில் எல்லாக் கருவியும் வலது பக்கம்தான் தொங்கும். அவங்க கதை தனிச் சோகம். கருவி மழுங்கியிருந்தா விரல் இறுக்கிப் பிடிக்கும், அதனால தீட்டி வெச்சுக்கணும். உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கினா நல்லதுதான், ஆனா அதோட சாய்வுக் கோணம் உங்க கழுத்துக்குப் பொருந்தணும். தப்பான கோணத்துல வாங்கினா, காசு கொடுத்துக் குனியறீங்க, அவ்வளவுதான்.

இதில் எதுவுமே போஸ்டரா ஒட்டி வெச்சா வராது. யாராவது பக்கத்துல நின்னு, பல்லைப் பார்க்காம ஆளைப் பார்க்கணும். அந்தக் கண்ணாடிப் பயிற்சியை, மார்க் இல்லாத, அவசரம் இல்லாத முதல் மாசங்கள்லயே செஞ்சுடணும். கை எப்படிப் பழகுதோ அப்படியே 30 வருஷம் வேலை பார்க்கும்.

சித்தி பொண்ணு ஒண்ணு செஞ்சா. அவ வேலை பார்க்கும்போது பக்கவாட்டுல இருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி ஃப்ரெண்டுகிட்ட போனைக் கொடுத்திருக்கா. நோயாளி முகம் தெரியாம, இவ மட்டும். நேராத்தான் உட்கார்ந்திருக்கேன்னு சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தவ, போட்டோவைப் பார்த்துட்டு எனக்கு அனுப்பினா. கேள்விக்குறி மாதிரி இருந்தா. இப்போ அந்த பேட்ச்ல ஒருத்தரை ஒருத்தர் படம் எடுத்துக்கிறாங்க. கண்ணாடியில பார்த்து மேல் பல்லுக்கு வேலை செய்யறது இன்னும் மெதுவாத்தான் வருதாம். கோட்டாவுல 2 கேஸ் பின்தங்கியிருக்கா. அதுக்கு வேற யார்கிட்டயாவது திட்டு வாங்கணும்.

கடைசி வகுப்பு

ராமஸ்ஸினியின் வைத்திய முறைகளை இன்னிக்கு யாரும் பின்பற்ற முடியாது. ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது, பேதிக்குக் கொடுப்பதுன்னு அந்தக் காலத்து டாக்டர்தான் அவரும். எழுத்தரின் கைக்குச் சொன்ன எண்ணெய்த் தடவலும் பெரிதாக உதவியிருக்காது. அந்த வேலையையே விடச் சொல்ல அவரால் முடியவில்லை. அந்த வேலைதான் அவர்கள் வீட்டுச் சோறு. ஆனால் அவர் போய்ப் பார்த்தார், கேட்டார், எழுதிவைத்தார்.

1714 நவம்பர் 5. பதுவா. வயது 81, கண் தெரியாது. அன்றைக்கும் மாணவர்களுக்கு வகுப்பு இருந்தது. கிளம்பிக்கொண்டிருந்தபோது மூளை ரத்தக்கசிவு போல ஒரு தாக்குதல் வந்து விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அந்த எழுத்தரின் கதை அச்சாகி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.